நன்றியறிதலும் கோயிற் பூந்தோட்டமும்

நன்றி என்னும் சொல்லை இக்காலத்தில் நாம் மிக எளிதாக வழங்குகின்றோம். கூட்டம் முடியுமிடத்து நன்றியுரை. கடிதம் முடியுமிடத்து நன்றி. கடையில் மிச்சக் காசு வாங்கும்போதும் நன்றி. பழந்தமிழ் வழக்கிலோ இச்சொல்லின் பொருள் வேறு. பிறர் நமக்குச் செய்த நன்மைக்கே நன்றி என்று பெயர். ஆதலினாலன்றோ திருவள்ளுவர் தமது நூலின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயரிட்டார்? நன்றி கூறுதல் என்னாது நன்றி அறிதல் என்றார். செய்யப்பட்ட நன்மை இன்னதென முதலில் அறிதல் வேண்டும். அறியாதவன் எத்தனை முறை வாயால் நவின்றாலும் அது வெறும் ஓசையாகவே முடியும்.

மனிதர் செய்த நன்மையை அறிதல் ஓரளவு எளிது. செய்தவர் எதிரே நிற்கின்றார். முகம் உண்டு, பெயர் உண்டு. மழையும் மண்ணும் வெயிலும் செய்யும் நன்மையை அறிவது எங்ஙனம்? அவை நம்மிடம் வந்து தாம் செய்ததைச் சொல்வதில்லை. நாமே சென்று, குனிந்து, தொட்டு, காத்திருந்து அறிதல் வேண்டும். ஆகவே இயற்கைக்குச் செலுத்தும் நன்றி நாவினாற் கற்கப்படுவதன்று, கையினாற் கற்கப்படுவது என்பது எனது துணிபு. இத்துணிபை நூல்களிற் பெற்றதிலும் அக்கரப்பத்தனையில் எங்கள் தேவாலயத்தைச் சூழ்ந்துள்ள சிறிய பூந்தோட்டத்தில் நான் பெற்றதே அதிகம். அதனை ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பது பயனுடைத்தென எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

தோட்டம் என்னும் சொல்

அக்கரப்பத்தனை, நுவரெலியா நகருக்குத் தென்மேற்கே, ஹோட்டன் சமவெளிக்கு அண்மையிலுள்ள மலைநாட்டூர். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் பத்தனை என்பது மலைப் புற்றரையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். தேயிலைக்கு முன்னர், கோப்பிக்கும் முன்னர், இம்மலைகளில் அடர்ந்த காடும் பரந்த புற்றரையும் கலந்து கிடந்தன என்பதை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது. இன்று அங்கு நிற்பவரின் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே செடிதான் தென்படும். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பி இலைகளில் துருநோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை அந்நோயால் அழிந்தொழிய, மலைகள் தேயிலைக்கு மாறின. ஒரே செடியை நம்பி நின்ற நாடு ஒரு நுண்ணிய பூஞ்சணத்தின் முன் நிலைகுலைந்த வரலாறு அது.

இவ்வாறு உருவான மலையகத்தில் தோட்டம் என்னும் சொல் தனிப்பொருள் கொண்டது. யாழ்ப்பாணத்து விவசாயி தோட்டமென்றால் தன் வெங்காயத்தையும் புகையிலையையும் நினைப்பார். தமிழ்நாட்டார் கிணற்று நீர் பாயும் நிலத்தை நினைப்பர். மலையகத்திலோ, ஒருவரை அறிமுகஞ் செய்யும்போது, 'எந்தத் தோட்டம்?' என்பதே முதற் கேள்வி. அச்சொல்லுக்குள் பெரட்டுக்களம் உண்டு, கொழுந்து மடுவம் உண்டு, தராசு உண்டு, லயம் உண்டு. மலர் மட்டும் இல்லை. அதே சொல்லிலிருந்து பிறந்த இகழ்ச்சிப் பெயர் ஒன்றும் உண்டு. தேயிலையை வளர்த்து இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று பிற பகுதித் தமிழரே அழைத்தனர். ஒரு சமுதாயத்தின் உழைப்பே அதற்கு வசையாக்கப்பட்ட கொடுமை இது.

இத்தகைய இடத்திலேதான் தேவாலயத்தின் பூந்தோட்டம் தனிச்சிறப்புப் பெறுகின்றது. தேயிலைமலையில் விளைவது ஒவ்வொன்றும் நிறுக்கப்படும். காலையிற் பறித்த கொழுந்து எத்தனை கிலோ, மாலையிற் பறித்தது எத்தனை கிலோ என்பதே அங்கு மனித உழைப்பின் மொழி. கோயிற் பூந்தோட்டத்தில் மலர்வது எதுவும் தராசைக் காண்பதில்லை. ஒரு ரோசா மலர்ந்தால் மலர்ந்ததுதான்; உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அதற்குக் கணக்கேடு இல்லை. ஆறு நாளும் நிறுத்துக் கொடுத்த கைகள் ஏழாம் நாளில் நிறுக்கப்படாத ஒன்றைத் தொடுகின்றன. இயற்கை என்பது ஈவு, ஒருவர் பெற்றுக்கொண்ட கொடை, என்னும் எண்ணம் அந்தத் தொடுகையிற் பிறக்கின்றது.

கைகள் அறிந்த கலை

எங்கள் பூந்தோட்டம் பெரிதன்று. ரோசா, டாலியா, செவ்வந்தி, நீலமும் வெண்மையுமாய்க் கொத்துக்கொத்தாய் மலரும் ஹைட்ரேஞ்சியா, வேலியோரத்தில் வெள்ளை லில்லி, பின்புறத்தில் சில கோவாப் பாத்திகள், லீக்ஸ், கரட் ஆகியவையே அதன் செல்வம். சனிக்கிழமைகளில் மாணவர் சிலரும் சபையார் சிலரும் நானும் அதிற் பணிசெய்வது பல ஆண்டுகால வழக்கம். நான் இலக்கணம் கற்பிப்பவன். மண்ணைக் குறித்து எனக்குக் கற்பித்தோர் வேலையினின்று ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளரே.

அவர்களுடைய சொற்களிலேயே ஒரு பெரிய கல்வி இருக்கின்றது. கவ்வாத்து என்பர். செடியை வெட்டிக் குறைத்து அதன் உயரத்தை அடக்கி, மீண்டுந் தளிர்க்கச் செய்யும் தொழில் அது. எவ்விடத்தில், எக்கோணத்தில், எம்மாதத்தில் வெட்டினால் தண்டு அழுகாது தளிர்க்கும் என்பதை ஒரு மூதாட்டியார் ரோசாச் செடியில் எங்கள் மாணவர்க்குக் காட்டிக்கொடுத்தார். தவறணை என்பர். நாற்றுக்களை நிழலில் வைத்துப் பேணி, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் இடம் அது. கான் என்பர். மலைச்சரிவில் மழைநீர் மண்ணை வாரிச் செல்லாதபடி குறுக்கே வெட்டப்படும் வடிகால் அது. இம்மூன்று சொல்லும் மலையகத்து எந்தச் சிறுவனுக்கும் தெரியும். ஆயினும் பாடசாலையில் அவை பாடமாவதில்லை. தன் பாட்டியின் கையில் ஒரு விஞ்ஞானம் இருக்கின்றதென்று அறியாமலே அவன் வளர்ந்து ஊரைவிட்டுப் போகின்றான்.

பருவங்களின் ஒழுங்கும் தோட்டத்திலேதான் தெளிவாகத் தெரியும். தை மாசி மாதங்களில் இரவில் உறைபனி விழுந்தால் மறுநாட் காலையில் வெள்ளி பூசினாற்போற் புல் மின்னும்; வெயில் ஏற ஏற இளந்தளிரெல்லாம் கருகிவிடும். வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று நாட்கணக்கில் மழையைக் கொட்டும். எவ்வளவு முயன்றாலும் அந்தப் பனியை நிறுத்த நம்மால் முடியாது. அந்த மழையை வரவழைக்கவும் முடியாது. விதையிட்டு நீர் ஊற்றி எருவிட்டபின், எஞ்சிய காரியம் நம் கையில் இல்லை. இதனைப் புத்தகத்திற் படிக்கும்போது அது ஒரு கருத்து. முளைக்குமோ முளைக்காதோ என்று பத்து நாள் ஒரு பாத்தியை உற்று நோக்கியவனுக்கு அது வழிபாடு. முளை கண்ட காலையில் அவன் உள்ளத்தில் எழுவது பெருமிதமாயிராது, வியப்பாகவே இருக்கும். அவ்வியப்பே நன்றியறிதலின் முதற்படி.

பணி என்னும் பேறு

கோயிலோடு தோட்டத்தை இணைத்தல் தமிழருக்குப் புதிதன்று. பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை சூட்டியவர்; ஆண்டாளை அவர் கண்டெடுத்ததும் அந்நந்தவனத்துத் துளசியடியிலேதான் என்பது வைணவ மரபு. திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கினார். திருப்புகலூர் முருக நாயனார் பூப்பறித்து மாலை தொடுத்தலையே தவமாகக் கொண்டார். திருநந்தவனத்துக்கு நிலமும் பொன்னும் வழங்கிய செய்திகள் சோழர் கல்வெட்டுக்களிற் பல உள. வணக்கமும் உழைப்பும் ஒன்றே என்று நம் முன்னோர் கொண்டமைக்குப் பணி என்னும் சொல்லே போதிய சான்று. பணிதல் தலைதாழ்த்தல், பணி வேலை. ஒரே அடிச்சொல் இரண்டையுந் தாங்குகின்றது.

கிறிஸ்தவ வேதத்தின் முதல் நூலிலும் இக்கருத்தையே காண்கின்றேன். முதல் மனிதனை இறைவன் ஒரு தோட்டத்தில் வைத்ததும், அதிலே பாடுபடவும் அதனைக் காக்கவும் பணித்ததும் ஆதியாகமம் கூறுவன. அவ்விடத்து எபிரேய மூலத்தில் வழங்கும் வினைச்சொல் நிலத்தில் உழைத்தலையும் கடவுளுக்கு ஊழியஞ் செய்தலையும் ஒருங்கே குறிக்கும் என்பர் மொழியறிஞர். யோர்தான் கரையிலும் காவிரிக் கரையிலும் மனித உள்ளம் ஒரே உண்மையைத் தொட்டிருக்கின்றது. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது, தமிழ்க் காப்பிய மரபுக்கிணங்க நாட்டுப் படலத்தையே முதலில் வைத்தார். யூதேய நாட்டை அவர் தமிழ்நாட்டு மழையாலும் வயலாலும் சோலையாலும் புனைந்தார். இறைவன் கதையைச் சொல்லப் புகுமுன் மழையைப் பாடவேண்டும் என்பதைத் தமிழ் அவருக்குக் கற்பித்தது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததும், இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மாமழையையும் போற்றிக் காப்பியத்தைத் தொடங்கியதும் இம்மரபினவே.

உலகின் பிற பகுதிகளிலும் திருச்சபைகள் இவ்வுண்மையை மீண்டும் நினைவுகூரத் தொடங்கியுள்ளன. 1989ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளின் முதுபெருந்தந்தை திமித்ரியோஸ் செப்டெம்பர் 1ஆம் நாளைப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக அறிவித்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் பூமியைப் பேணுதல் பற்றி விரிவான திருமுகம் ஒன்றை வெளியிட்டு, அதற்கு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 13ஆம் நூற்றாண்டிற் பாடிய துதிப்பாடலின் சொற்களையே தலைப்பாக்கினார். அத்திருமுகம் பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கின்றது. அவ்விரண்டும் ஒரே மலைச்சரிவிலிருந்து எழும் எங்கள் ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டா.

ஒரு தடைக்கு விடை

ஈண்டு ஒரு தடை எழும். 'வயிறு நிறையாத மக்களுக்குப் பூவைக் காட்டி நன்றி சொல்லக் கற்பிப்பது நியாயமா? நன்றியோடிரு, உள்ளதிலே திருப்தியடை என்றுதானே மலையகத் தொழிலாளிக்கு இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தனர்?' என்று இளைஞர் கேட்பர். கேட்கத்தான் வேண்டும். இக்கேள்விக்கு விடையிறுக்காத பக்தி பக்தியாகாது.

மலைநாட்டுப் பழைய தேவாலயங்களின் வரலாறே இக்கேள்வியைத் தன்னுள் வைத்திருக்கின்றது. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் 1852இல் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கோயாவில் நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய முற்றத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் அடக்கஞ் செய்யப்பட்டார். இவ்வாலயங்களின் முற்றங்களிற் கல்லறைகளும் மலர்ச்செடிகளும் நிறைந்துள்ளன. தோட்டத் துரைமாரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டு இன்றும் படிக்கத் தெளிவாக உள்ளன. அந்த முற்றங்களைச் சமப்படுத்திய கைகள், அந்தச் செடிகளுக்கு முதல் நீர் ஊற்றிய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லும் கல் எதனையும் நான் கண்டதில்லை. மடக்கும்புரவிற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திற் பாடிய கவிதையில், நினைவுச்சின்னமின்றி மண்ணோடு மண்ணான அம்முன்னோரையே எண்ணி உருகினார்.

ஆகவே என் விடை இதுவே. இயற்கைக்கு நன்றியறிதல் வேறு. எசமானுக்கு அடங்கியிருத்தல் வேறு. மழையைத் தந்தவர் துரை அல்லர். மண்ணைப் படைத்தது கம்பனி அன்று. இவை எல்லார்க்கும் பொதுவாகத் தரப்பட்ட கொடை என்று உணர்ந்தவன், அக்கொடையில் தன் அயலானுக்குப் பங்கில்லை என்னும் நிலையைப் பொறுக்கமாட்டான். உண்மையான நன்றி மனிதனை ஊமையாக்காது. கொடையின் பெறுமதியை அறியாதவனே அது பறிக்கப்படும்போது வாளாவிருப்பான். இன்னும் ஒன்று. செய்ந்நன்றியறிதல் பற்றிய அதிகாரத்தை நாம் இதுகாறும் தொழிலாளிக்கே படித்துக் காட்டியிருக்கின்றோம். அதனைத் தேநீர் அருந்தும் நாட்டுக்கும் படித்துக் காட்டுதல் வேண்டும். இந்நாட்டுக்கு நன்மை செய்தோர் யார்? அந்நன்மையை அறியவேண்டியோர் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள், அந்நாட்டுக்கு ஏற்றுமதிச் செல்வத்தைத் தேடித் தந்துகொண்டிருந்த அதே மக்கள்தாம். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைத் தம் கால்களால் அறிய முயன்ற அந்நடையையும் ஒரு நன்றியறிதல் என்றே நான் கொள்வேன்.

நீரும் மண்ணும் கேட்பவை

நன்றி கையின் தொழிலாயின், இன்று அக்கை செய்யவேண்டியது யாது?

எங்கள் ஊர் ஆறு ஆக்ரா ஓயா. ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிற் பிறந்து, கொத்மலை ஓயாவாகத் தலவாக்கொல்லையை அடைகின்றது. அங்கே 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்னிலையம் 150 மெகாவாற் மின்சாரத்தைத் தரவல்லது. பின்னர் அந்நீர் மகாவலியோடு கலந்து, வறண்ட சமவெளிகளின் வயல்களுக்குப் பாய்ந்து, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது. 335 கிலோமீற்றர் நீளமுடைய அம்மகாநதியின் ஊற்றுக்கண் ஒன்று எங்கள் ஊருக்கு மேலே இருக்கின்றது. அக்கரப்பத்தனையில் ஒருவர் தம் கொல்லையில் ஒழுங்காகக் கான் வெட்டினால், அதன் நன்மை அவர் ஒருநாளும் காணாத மூதூர் விவசாயி வரை செல்லும். அவர் வெட்டாது விட்டால், கரைந்த மண் முழுவதும் நீர்த்தேக்கங்களின் அடியிற் போய்ப் படியும்.

மண்ணைப் பேணாமையின் விலை இன்னுங் கொடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொண்டுவந்த மழையால் மலையகமெங்கும் சரிவுகள் நேர்ந்து உயிர்களும் வீடுகளும் அழிந்தன. மழை அன்றும் இன்றும் மழைதான். சரிவில் வேர்விட்டிருந்த காடு அழிந்ததும், அபாயமான இடமென்று தெரிந்தும் மக்கள் அங்கேயே குடியிருக்க நேர்ந்ததும் மழையின் குற்றமாகா. இயற்கையை வாழ்த்திப் பாடுவோர் இவ்விடத்தில் மௌனமாயிருத்தல் தகாது.

மற்றொரு பாடத்தையும் அண்மைக்காலம் தந்தது. களைநாசினியான கிளைபொசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து விவசாயிகள் கொதித்தெழவே அவ்வாண்டு முடியுமுன் அத்தடை நீக்கப்பட்டது. நல்ல நோக்கமும் ஆயத்தமின்றேல் துன்பமாகும் என்பதற்கு இது சான்று. தவறணையில் நாற்றுக்களைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கும் தொழிலாளி இத்தகைய அவசரத்தை ஒருபோதும் செய்யார். களைத்துப்போன மண்ணும் அவ்வாறே. அது வர்த்தமானி அறிவித்தலால் ஒரே நாளில் உயிர்பெறாது. சருகும் சாணமும் சேர்த்து, ஆண்டுக்கணக்கிற் காத்து, மண்புழு மீண்டுவரும் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

செடிகளிலும் நமக்குப் பகுத்தறிவு வேண்டும். எங்கள் கோயிற் பூக்கள் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவை. வந்தவை எல்லாம் தீயவை என்பது என் கருத்தன்று. இம்மலையக மக்களே கடல்கடந்து வந்து இம்மண்ணுக்கு உரியோரானவர்கள்தாம். ஆயினும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதர் ஹோட்டன் சமவெளியின் புற்றரையைப் பற்றிப் பரவி, அங்குள்ள இயற்கைச் செடிகளை நெருக்குவதையும் மறத்தலாகாது. அச்சமவெளி 1988இல் தேசிய வனமாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டது. அங்கே நெலு என்று சிங்களவர் வழங்கும் செடியினம் உண்டு. அதிற் சில வகை ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கொருமுறை மலை முழுதும் ஒருங்கே பூக்கும். அது நம் சங்கப்புலவர் மலைநிலத்துக்கே பெயராக வைத்த குறிஞ்சியின் நெருங்கிய உறவு. குறிஞ்சித் திணையை மாணவர்க்கு நடத்தும் தமிழாசிரியருள் எத்தனை பேர், அதன் உறவினம் நம் தலைக்கு மேலேயுள்ள மலையிற் பூக்கின்றதென்று சொல்லிக்கொடுக்கின்றனர்? உரைநூலில் உள்ள பூவை மலையிற் காட்டினால் இலக்கியமும் இயற்கையும் ஒருங்கே உயிர்பெறும்.

செய்யத்தக்கவை

மலையகத்தில் தேவாலயம் இல்லாத தோட்டம் இருக்கலாம். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. பாடசாலையும் பெரும்பாலும் அணித்தே உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு தவறணை வைத்தல் கூடும். அலங்காரப் பூக்களோடு, அவ்வம் மலைக்குரிய காட்டுமரக் கன்றுகளும் அதில் வளரட்டும். அவற்றை ஓடைக்கரையிலும் வெறுஞ்சரிவிலும் மாணவர் நடட்டும். கவ்வாத்தும் கானும் தவறணையும் அறிந்த முதியோரைப் பாடசாலைக்கு அழைத்து, ஆசிரியராக அமர்த்தி, அவர்கள் சொல்வதை மாணவர் தமிழில் எழுதிவைக்கட்டும். அகராதிகளிற் சேரவேண்டிய சொற்கள் அவர்களோடு மறைந்துபோகின்றன. அறுவடை விழாவில் லீக்ஸையும் கோவாவையும் பீடத்தின்முன் படைத்து ஏலமிட்டு நிதி திரட்டுவதோடு நில்லாது, அவை விளைந்த மண் இவ்வாண்டு எந்நிலையில் உள்ளது என்றும் சபையார் கேட்கட்டும். தைப்பொங்கலன்று சூரியனை வணங்கும் இல்லங்களிலும் அதே கேள்வி எழட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பிறர் தோட்டத்தை இருநூறு ஆண்டு வளர்த்த மக்களிற் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தமக்கென ஒரு பூச்செடி வைக்கும் நிலம் இன்னும் உரித்தாகவில்லை. லயத்தின் ஓரத்திற் பழைய தகரப்பேணியில் ஒரு செவ்வந்தியை வளர்க்கும் தாயைக் காணுந்தோறும், நன்றியறிதலுக்கு அவரிலும் தகுந்த ஆசிரியர் இல்லை என்றே எனக்குத் தோன்றும். அவருக்கு உரிமையுள்ள வீடும் அதன் முற்றத்தில் ஒரு சிறு தோட்டமும் கிடைக்கும்வரை, தேவாலயத்துப் பூக்களைக் காட்டி நாம் பாடும் துதி அரைத்துதியே.

உயிர்த்தெழுந்த இயேசுவை முதலிற் கண்ட மகதலேனா மரியாள், கண்ணீரின் இடையே அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் என யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. அவள் அறியாது எண்ணினாள் என்பர் உரைகாரர். மலையகத்தில் அப்பகுதியை வாசிக்கும்போது எனக்கு வேறு பொருள் தோன்றும். உலகின் மிகப்பெரிய விடியற்காலையில், இறைவனுக்கு ஒரு மனிதர் முதலில் வழங்கிய பெயர் தோட்டக்காரர் என்பது. இனி எவரேனும் மலையகத்துப் பிள்ளையொன்றை அச்சொல்லாற் குறைத்துப் பேசினால், தலைகுனிய வேண்டியவர் பேசியவரே. அப்பிள்ளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம்.